லாரி வராத தேர்தல் நாள்

மலேசியாவில் வாக்குச்சாவடியை வயதுப்படி பிரித்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பறை, அதாவது முதல் சாலுரான், அந்த வட்டாரத்தின் மூத்த வாக்காளர்களுக்கு. அடுத்தடுத்த அறைகளில் வயது இறங்கிக்கொண்டே போகும். கடைசி அறையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். எங்கள் ஊரான புக்கிட் பெருந்துங்கில் முதல் சாலுரான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். கடைசி சாலுரான்காரர்களுக்குத் தோட்டம் என்பது பாட்டி பேச்சில் வரும் ஊர். முதல் அறைக்குக் காலை எட்டு மணிக்கே ஆள் வந்துவிடும். கடைசி அறைக்கு மதியத்துக்கு மேல்தான் வருவார்கள், வந்தால்.

அந்த ‘வந்தால்’ பற்றித்தான் தேர்தலுக்குத் தேர்தல் புலம்பல் கேட்கிறது. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லலா. நாங்கல்லாம் தோட்டத்தோட தெரண்டு போயி ஓட்டுப் போட்டோம்” என்பார்கள் பெரியவர்கள். திரண்டு போனது உண்மைதான். அந்தக் கூட்டத்தைத் திரட்டியது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடந்தது. 52 இடங்களில் 51 கூட்டணிக்குப் போனதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்பது பாடத்தில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில் தொடங்கியது. அங்கேயும் சுற்றியிருந்த கித்தாத் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் மிகப் பலர் 1955-இல் வாக்காளர்களே அல்ல. அவர்களுக்குக் குடியுரிமை இல்லை.

சுதந்திரத்தை ஒட்டி விதிகள் தளர்ந்தபோது மனுப் போட்டவர்கள் குடிமக்களுக்கான நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை, வாங்கினார்கள். பாரம் எழுதத் தெரியாதவர்களும், ‘ஊருக்குத்தானே போகப்போறோம்’ என்று இருந்துவிட்டவர்களும் சிவப்பு ஐசியோடு நின்றார்கள். 1968-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு பெர்மிட் இல்லாமல் வேலை கிடையாது என்றானதும் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். எஞ்சியவர்களிடையே ஒரே வீட்டில் புருஷனுக்கு நீலம், பெண்டாட்டிக்குச் சிவப்பு என்ற கணக்கு வெகுகாலம் நீடித்தது. நீல ஐசி வைத்திருந்தவருக்கு ஓட்டுப் போடுவது ஓர் அந்தஸ்தாகவே இருந்தது. இந்த மண்ணில் நானும் ஓர் ஆள் என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளும் நாள் அது. இன்றைய பிள்ளைக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிடுவதை அவர் வரிசையில் நின்று வாங்கியிருந்தார்.

ஆனால் தோட்டத்தில் வாக்களிப்பு ஓங்கியிருந்ததற்கு இந்தப் பெருமிதம் மட்டும் காரணமல்ல. லாரி வந்ததுதான் பெரிய காரணம். தோட்டத்து லாரியோ, கட்சிக் கிளை பிடித்த லாரியோ, காலையிலேயே லயத்து முன்னால் நிற்கும். கிளைத் தலைவர் பெரும்பாலும் கிராணியாகவோ மண்டோராகவோ இருப்பார். யாருக்கு நீல ஐசி, யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட அதே ஆள், அதே குரலில் கூப்பிடுவார். எந்தச் சின்னத்தில் புள்ளடி போடுவது என்பதையும் லாரியிலேயே சொல்லிவிடுவார். முதலில் கப்பல், 1974 முதல் தராசு. தார் ரோடு வரும், கோயிலுக்குக் கூரைத் தகரம் வரும், தமிழ்ப்பள்ளிக்கு மேசை வரும் என்ற வாக்குறுதிகள் கூடவே வரும். சில வந்தன. கூரைத் தகரத்தில் உபயதாரராக ஒய்.பி. பெயரும் வந்தது.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பேரம் அவ்வளவுதான், கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தோட்டத்து ஓட்டு, தனி ஆளின் முடிவு என்பதைவிடத் தோட்டத்தின் முடிவு என்பதே சரி. லாரியை எடுத்துவிட்டு, கிளைத் தலைவரை எடுத்துவிட்டு, எத்தனை பேர் தாமாக எட்டு மைல் நடந்து போயிருப்பார்கள் என்று கேட்டால் முதல் சாலுரான் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

பிறகு தோட்டங்கள் விலைபோயின. 1990-களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி புக்கிட் பெருந்துங்கைக் கட்டினார்கள். வரிசை வரிசையாக வீடுகள், கோல்ஃப் திடல், தொழிற்பேட்டை என்று பெரிய கனவாகத்தான் எழும்பியது. 1997-இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்து அந்தக் கனவைப் பாதியில் நிறுத்தியது. முதலீட்டுக்கு வாங்கியவர்கள் வரவில்லை. வீடுகள் பூட்டிக் கிடந்தன, புல் முளைத்தது. விலையும் வாடகையும் இறங்கியதால்தான் நம்மவர்கள் பலர் இங்கே நுழைய முடிந்தது. தோட்டத்தைவிட்டு எழுப்பப்பட்ட குடும்பங்கள், சுங்கை சோ பெரோடுவா தொழிற்சாலைப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள், கோலாலம்பூர் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த ஊர் இது. ஒரு தாமானில், அதாவது ஒரு வீடமைப்புப் பகுதியில், பத்துத் தமிழ்க் குடும்பம் இருந்தால் பத்தும் பத்துத் தோட்டம். கோயில் கட்டுவதற்குள் சண்டை வந்து சமாதானமாகி, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவதற்கே இரண்டு தீபாவளி ஆனது.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறியதில் ஓட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. பெயர் பழைய தோட்டத்து வாக்குச்சாவடியில் இருக்கும், ஆள் புதிய ஊரில் இருப்பார். பிள்ளைகள் கதை வேறு. அன்று 21 வயது நிரம்பினால் மட்டும் போதாது. தபால் நிலையத்துக்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்துக்கோ போய்ப் பாரம் நிரப்பிப் பதிய வேண்டும். தோட்டத்தில் இதைக் கிளைத் தலைவர் பார்த்துக்கொண்டார். தாமானில் யார் பார்ப்பது? 2018 பொதுத் தேர்தலின்போது வயதிருந்தும் பதியாதவர்கள் நாடு முழுக்க முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல்.

இதற்கு நடுவில் ஒரு காலகட்டம் வந்தது. லாரி இல்லாமலே எங்கள் பக்கத்து மக்கள் ஓட்டுப் போடப் புறப்பட்டார்கள். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்த நாள் தொழிற்சாலை கேண்டினில் பேசியதை வேறு எந்தப் பிரசாரமும் பேச முடிந்ததில்லை. 2008 மார்ச் 8-இல் தேர்தல். எங்கள் ஊர் அடங்கிய உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை 1990 முதல் மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) ஜி. பழனிவேல் வைத்திருந்தார். கெஅடிலானின் டத்தோ சைனல் அபிடின் அகமட்டிடம் அவர் தோற்றார். வித்தியாசம் 198 ஓட்டு.

198 பேர் என்றால் எங்கள் ஊரில் இரண்டு வீதிக் கணக்கு. தொகுதி முழுவதும் நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல் போட்ட ஓட்டில், லாரிக்குப் பழக்கப்பட்ட தோட்டங்களிலும் தனித்தனியாக நடந்துவந்த தாமான்களிலும் யார் எங்கே மனம் மாறினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேர்தலுக்குப் பிறகு ‘நம்ம ஓட்டு ஒன்னு போடாட்டி என்ன’ என்ற பேச்சை இங்கே கொஞ்ச காலம் யாரும் பேசவில்லை.

இரண்டே ஆண்டில் சைனல் அபிடின் மூளைக் கட்டியால் இறந்தார். 2010 ஏப்ரல் 25-இல் இடைத்தேர்தல். அதுவரை உலு சிலாங்கூரை வரைபடத்தில் காட்டத் தெரியாத அமைச்சர்கள் எல்லாம் எங்கள் கடைத்தெருவில் தே தாரிக் குடித்தார்கள். பிரதமர் நஜிப் ராசா பட்டணத்தில், தேசிய முன்னணி ஜெயித்தால் சீனப்பள்ளிக்கு முப்பது லட்சம் ரிங்கிட் மறுநாளே தருவதாகச் சொன்னார். கூச்சமே இல்லாத பேரம் என்றாலும், பேரம் பேச வந்தார் அல்லவா? தேசிய முன்னணிக்காக நின்ற ம.இ.கா.வின் பி. கமலநாதன், முன்னாள் சட்ட அமைச்சர் சைட் இப்ராஹிமை 1,725 ஓட்டில் வென்றார். 64,500 வாக்காளர்களில் முக்கால்வாசிக்கும் சற்று மேலே வாக்களித்தார்கள். அதற்குப் பிறகும் தொகுதி யாருக்கும் நிரந்தரமாகவில்லை. 2018-இல் மறுபடி கெஅடிலான், 2022-இல் பெரிக்காத்தான். பக்கத்துக் கோல சிலாங்கூரில் 2022-இல் சுல்கிஃப்லி அகமட் ஜெயித்த பெரும்பான்மை 1,002. நிதியமைச்சராக இருந்த தெங்கு சஃப்ருல் அங்கே தோற்றார். வடசிலாங்கூரில் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்பவர் கணக்குப் பார்க்காதவர்.

இனி இன்றைய கதை. 2019 ஜூலை 16-இல் நாடாளுமன்றத்தின் மக்களவையில் இருந்த 211 உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் ஆதரித்து வாக்குரிமை வயதை 18 ஆக்கினார்கள். கூடவே தானியங்கிப் பதிவும் வந்தது. மலேசிய அரசியலில் எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கிய நாள் அபூர்வம். தேர்தல் ஆணையம் அதன் அமலாக்கத்தை 2022 செப்டம்பருக்குத் தள்ளப் பார்த்தது. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள், கூச்சிங் உயர் நீதிமன்றம் ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்தச் சொன்னது, 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பாரம் இல்லை, தபால் நிலையம் இல்லை. 18 நிறைந்தால் ஐசியில் உள்ள முகவரிப்படி பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். நாட்டின் வாக்காளர்கள் 2018-இல் ஒன்றரைக் கோடி. 2022-இல் 2 கோடியே 11 லட்சம். உலு சிலாங்கூரில் மட்டும் பட்டியல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இந்த இரண்டு தேர்தல்களுக்கு நடுவில் வாக்களித்தோர் விழுக்காடு 82-இலிருந்து 74-க்கு இறங்கியதை வைத்துத்தான் இளைஞர்களைத் திட்டுகிறார்கள். இந்தக் கணக்கில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. முன்பு அக்கறையில்லாதவர் பட்டியலிலேயே இல்லை. அதனால் விழுக்காட்டைக் கெடுக்கவும் இல்லை. இப்போது எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். தலையை எண்ணினால் 2018-ஐவிட 2022-இல் முப்பது லட்சம் பேருக்கு மேல் அதிகமாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அன்று பதிவு என்ற வேலி வெளியே நிறுத்திவைத்தவர்களை நாம் எண்ணவே இல்லை.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2024 மே 11, சனிக்கிழமை. உலு சிலாங்கூருக்குள் அடங்கிய கோல குபு பாரு சட்டமன்றத் தொகுதியில் லீ கீ ஹியோங் மறைவால் இடைத்தேர்தல். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இந்தியர்கள் என்பதால் எங்கள் மேல் திடீர்ப் பாசம் பொழிந்தது. ஆட்சியிலிருந்த பக்காத்தான் கூட்டணிக்கு இந்தியர்கள் பாடம் புகட்ட வேண்டும் என்று உரிமை கட்சியின் பி. இராமசாமி பிரசாரம் செய்தார். பக்காத்தானுக்காக நின்ற ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ் 14,000 ஓட்டு வாங்கி, 3,869 பெரும்பான்மையில் வென்றார். வாக்களித்தவர்கள் 61.51 விழுக்காடு. பட்டியலில் நாற்பதாயிரம் பேர் இருந்த தொகுதியில் வராதவர்கள் பதினைந்தாயிரத்தைத் தொடுகிறார்கள். ஜெயித்தவரைவிட வீட்டில் இருந்தவர்களுக்கு ஓட்டு அதிகம்.

அதே இடைத்தேர்தல் நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் இருபது ஆண்டுக்கு மேலாகச் சொந்த வீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. மலேசிய சோசலிசக் கட்சி உடன் நின்றது. தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது பெர்ஜாயா குழுமம் 20 ஏக்கர் நிலம் தரும், மத்திய அரசு வீடு கட்ட 4 கோடி ரிங்கிட் ஒதுக்கும் என்ற அறிவிப்பு வந்தது. இருபது ஆண்டு நகராத கோப்பு இரண்டு வாரத்தில் நகர்ந்தது. ‘தேர்தல் லஞ்சம்’ என்று எதிர்த்தரப்பு கத்தியதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது ஆண்டு காத்திருந்த குடும்பத்துக்கு அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது?

நான் இதில் கவனிப்பது வேறு. அந்த 245 குடும்பங்கள் இன்னும் ஓர் ஊராக, ஒரு கோரிக்கையாக இருந்தன. தேடி வருபவனுக்கு ஒரு வாசல் இருந்தது. தாமான்களில் சிதறிய நம் பிள்ளைகளிடம் யாரும் பேரம் பேச வருவதில்லை, ஏனென்றால் அவர்களை ஒரு கூட்டமாக யாருக்கும் தெரியவில்லை. தெரியக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைசி அறை. ஓட்டு எண்ணும்போது ஒவ்வொரு சாலுரானுக்கும் தனித்தனியாக 14-ஆம் பாரம் எழுதுவார்கள். முதல் அறையில் எத்தனை பேர் வந்தார்கள், கடைசி அறையில் எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பது அன்று இரவே எல்லாக் கட்சியின் கையிலும் இருக்கும். யார் எதற்குப் போட்டார் என்பது ரகசியம். இளைஞர்கள் வந்தார்களா என்பது ரகசியமே அல்ல. கடைசி அறை காலியாகக் கிடந்தால் அடுத்த ஐந்து ஆண்டு திட்டங்கள் முதல் அறைக்காரர்களுக்கே போகும். எந்தக் கட்சியும் வராத ஆளுக்குச் செலவு செய்யாது.

இதைச் சொன்னால் கடைசி சாலுரான் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. “அண்ணே, எங்க லோரோங்ல தெரு விளக்கு எரியல. யாருக்குப் போட்டா எரியும்?” என்று ஒரு தம்பி கேட்டான். நேர்மையான பதில்: யாருக்குப் போட்டாலும் நேரடியாக எரியாது. நகராண்மைக் கழகத் தேர்தல்களை 1965-இல் நிறுத்திவைத்தார்கள், 1976 சட்டம் அடியோடு எடுத்துவிட்டது. விளக்கு, சாக்கடை, குப்பை, நாய்த்தொல்லை என்று நகரவாசி அன்றாடம் கோபப்படும் எல்லாவற்றுக்கும் பொறுப்பான கவுன்சிலர் நியமனத்தில் வருகிறார். நகரத்து மக்களுக்கு ஓட்டில் ஏன் ஒட்டுதல் வரவில்லை என்று கருத்தரங்கு நடத்துபவர்கள் இதை முதலில் பேசலாம். ஆனால் அந்தக் கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு. மாநில அரசைச் சட்டமன்றத் தேர்தல் தீர்மானிக்கிறது. சுற்றி வளைத்த வழிதான், வேறு வழி இப்போதைக்கு இல்லை. “ரொம்ப சுத்துதுண்ணே” என்றான். ஆமாம் என்றேன்.

மற்றவர்கள் வராததற்குச் சொல்லும் காரணங்கள் அலட்சியத்தைவிட அலைச்சலைப் பற்றியவை. வீடு புக்கிட் பெருந்துங், வேலை பூச்சோங், தங்குவது அங்கே நான்கு பேரோடு வாடகை அறை. ஐசி முகவரி அம்மா வீடு. இன்னொருத்திக்கு நேர்மாறு: கல்யாணமாகி இங்கே வந்து ஐந்து வருடம், ஓட்டு இன்னும் தெலுக் இந்தானில். தானியங்கிப் பதிவு பெயரை ஏற்றும். ஆள் வீடு மாறினால் அது கூடவே மாறாது. அதற்குப் பதிவுத்துறையில் ஐசி முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்தில் வாக்களிக்கும் இடத்தை மாற்ற மனுப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. சிலாங்கூரில் ஓட்டை வைத்துக்கொண்டு ஜொகூரில் ஷிஃப்ட் பார்க்கும் சாதாரணத் தொழிலாளிக்குக் கிடையாது. தேர்தல் நாளில் ஷிஃப்ட் போட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி, ஓட்டுப் போட்டு வர நியாயமான நேரம் கொடுத்தே ஆக வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கவும் கூடாது. இதை அச்சடித்து பஞ்ச் கார்டு எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய தொழிற்சாலை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே இளைஞர்களை ஊக்குவிக்கிறேன் என்று மேடை போட்டுக் ‘கடமை, உரிமை’ என்று முழங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிக்டாக்கில் அமைச்சர்கள் ஆடிய ஆட்டத்திலும் இல்லை. அன்று கிராணி செய்த வேலையை அப்படியே வேறு யாராவது செய்ய வேண்டும், எந்தச் சின்னம் என்பதை மட்டும் சொல்லாமல். உன் பெயர் எந்தச் சாவடி, எந்தச் சாலுரான் என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்வது. முகவரி மாற்ற வேண்டிய பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை சேர்த்து அழைத்துப் போவது. கோயில் நிர்வாகம் செய்யலாம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் செய்யலாம், முன்னாள் மாணவர்கள் செய்யலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு இரண்டு பேருந்து பிடித்து, பெயர் எழுதி, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு பண்ணுகிற ஊர் இது.

போக்குவரத்து விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வாக்காளர்களை ஏற்றி இறக்கக் கட்சி காசு செலவழிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. பழைய லாரிகளில் எத்தனை அந்தச் சட்டத்துக்குள் ஓடின என்று இப்போது தோண்டுவதில் பயனில்லை. ஆனால் கட்சி இல்லாமலும் ஊருக்கு வர முடியும். 2018-இல் தேர்தலைப் புதன்கிழமை வைத்தபோது, நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் பேசி வைத்துக்கொண்டு ஒரே காரில் ஊருக்கு வந்தார்கள். பெட்ரோலைப் பங்கு போட்டார்கள், காசில்லாத மாணவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். பூச்சோங்கிலிருந்து புக்கிட் பெருந்துங்குக்கு டோல் சேர்த்து நான்கு பேர் பங்கு போட்டால் ஒரு நாசி லெமாக் காசுதான் வரும்.

16-ஆவது பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். சிலாங்கூர் சட்டமன்றத்தின் ஆயுளும் அந்த ஆண்டோடு முடிகிறது. நாடாளுமன்றம் கலைந்த பிறகு முகவரி மாற்றப் போனால் அந்தத் தேர்தலுக்கு அது உதவாது. எங்கள் தாமானில் ஐசி முகவரி வேறாக இருப்பவர்களின் பட்டியலைச் சில பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. என் சொந்தத் தம்பி மகளின் பெயரும் அதில் இருக்கிறது. இந்த மாதம் லீவு எடுத்து ரவாங்குக்குப் போய் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.